ட்ராப் பார் சைக்கிளுக்கு ஷிஃப்டர் மாத்தணும், எதப் பாத்து வாங்கறது?

நீங்க கேட்டத ஒருதடவ திருப்பி சொல்லிட்றேன், நான் சரியா புரிஞ்சுகிட்டேனான்னு பாத்துக்கங்க. பத்து வருஷத்துக்குக் கிட்ட ஆன, கீழ வளைஞ்ச ட்ராப் பார் ஹேண்டில் வெச்ச ரோடு சைக்கிள், கியர் செட் ஷிமானோ கம்பெனியோட கிளாரிஸ் 2400, கியர் முன்னாடி ரெண்டு பின்னாடி எட்டு. கியர் மாத்தற வலது பக்க லீவர, அதாவது ஷிஃப்டர, உள்ள தள்ளினா டக்குன்னு புடிக்காம சும்மா ஆடிட்டு திரும்பி வந்துடுது. கோயம்புத்தூர்ல இருக்கீங்க, அடுத்த மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏற பிளான். கடைக்காரர் "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், மொத்தமா 105க்கு மாத்திடுங்க"ன்னுட்டார், அது ஷிமானோவோட மேல் ரக செட். நடுவுல யாரோ ஷிமானோவோட இன்னொரு வரிசையான டியாக்ரா பத்து ஸ்பீடு ஷிஃப்டர் பழசு ஒண்ணு கம்மி விலைக்கு தர்றேங்கறாங்க, அதப் போட்டு எட்டு கிளிக்க மட்டும் யூஸ் பண்ணிக்கலாமான்னு உங்க சந்தேகம். மேலாப்ல பாத்தா எந்த ஷிஃப்டர் நல்லதுங்கற கேள்விதான். ஆனா நீங்க நிஜமா கேக்கறது என் சைக்கிள்ல பின்னாடி ஏற்கனவே மாட்டியிருக்கற சாமானோட எது ஒத்துப்போகும், எவ்வளவு கம்மியா மாத்தி தப்பிக்கலாம்ங்கறதுதான். அதுக்குதான் பதில் சொல்றேன். சைக்கிள் சர்வீஸ்தான் எனக்கு பொழப்பு, ட்ராப் பார் சைக்கிள் நிறைய கைல வந்து போகுது, ஆனா உங்க சைக்கிள நான் நேர்ல பாக்கல, அத மனசுல வெச்சு படிங்க.

முதல்ல, வாங்கறதுக்கு முன்னாடி, அந்த ஷிஃப்டர் நிஜமாவே செத்துப்போச்சான்னு பாருங்க. நீங்க சொல்ற அறிகுறி, அதாவது பெரிய லீவர தள்ளினா புடிப்பே இல்லாம ஆடறது, பழைய ஷிமானோ லீவர்ல ரொம்ப சகஜம், அதுல நிறைய கேஸ்ல எதுவும் உடைஞ்சிருக்காது. உள்ள ஒரு பல் வெச்ச சக்கரம் இருக்கும், அத புடிச்சு தள்றதுக்கு சின்ன கொக்கி ஒண்ணு, அந்த கொக்கிய தள்ளிவிட நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங். கம்பெனில போட்ட கிரீஸ் வருஷக்கணக்குல காஞ்சு கோந்து மாதிரி ஆயிடும், ஸ்பிரிங்குக்கு அந்த கொக்கிய நகத்தற அளவுக்கு பலம் இருக்காது, கொக்கி பல்லுல விழாது, லீவர் காத்துல ஆடும். குளிர்ல இது இன்னும் மோசம். கீழ மத்தியானம் ஓரளவு வேலை செஞ்ச ஷிஃப்டர் மலை மேல காலைல ஏழு மணிக்கு சுத்தமா புடிக்கலன்னா கிட்டத்தட்ட கிரீஸ்தான்னு எடுத்துக்கலாம்.

சோதிக்கறது இப்படி. பின் டீரெய்லர்ல (செயின பக்கவாட்டுல தள்ளி கியர் மாத்தற சாமான்) கேபிள் கட்டியிருக்கற போல்ட்ட லூஸ் பண்ணி கேபிள விடுவிச்சுடுங்க, அந்த முனைய ஒரு கைல பிளையரால லேசா இழுத்துப் புடிச்சுகிட்டு இன்னொரு கையால ஷிஃப்ட் பண்ணுங்க. எட்டு ஸ்பீடு ஷிஃப்டர்ல ஏழு கிளிக் வரணும், ஒவ்வொரு கிளிக்குக்கும் கேபிள் உள்ள இழுபடறது கைல தெரியணும், அப்புறம் சின்ன லீவர அழுத்தினா ஏழு தடவையும் ஒவ்வொண்ணா விடணும். இப்படி கழட்டினதுக்கு அப்புறம் ஒழுங்கா வேலை செஞ்சா ஷிஃப்டர் மேல தப்பில்ல, அவுட்டர் (கேபிள் ஓடற உறை) துரு புடிச்சு இறுகியிருக்கும், இல்ல ஹேங்கர் (டீரெய்லர் தொங்கற துண்டு) வளஞ்சிருக்கும். அப்பவும் ஆடுச்சுன்னா கிரீஸ சுத்தம் பண்ணிப் பாருங்க. லீவர மூடியிருக்கற ரப்பர் ஹுட்ட பின்னாடி இருந்து மடிச்சு விடுங்க, பிரேக் லீவர நல்லா அழுத்திப் புடிச்சா லீவருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு இடுக்கு தெரியும், உள்ள பித்தளை கலர்ல பிளேட்டெல்லாம் அடுக்கா இருக்கறது தெரியும், அங்கதான் டபிள்யூடி-40 குழாய விட்டு அடிக்கணும். கீழ ஒரு பழைய துணி போட்டுக்கங்க, டிஸ்க் பிரேக்கா இருந்தா வீல கழட்டி தூரமா வெச்சுடுங்க, ரோட்டர்லயோ பேட்லயோ ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் போச்சு. அடிச்சுட்டு லீவர அம்பது நூறு தடவ தள்ளிகிட்டே இருங்க, முதல்ல ஒண்ணும் நடக்காது, அப்புறம் டீ டிகாஷன் மாதிரி ஒரு தண்ணி வழியும், எங்கயோ ஒருதடவ "டக்"னு புடிக்கும், அப்புறம் அஞ்சு தடவ புடிக்காது, அப்புறம் மறுபடி. வழியறது தெளிவாகற வரைக்கும் விட்டு விட்டு அடிக்கணும், ஒருநாள் ராத்திரி அப்படியே விட்டுட்டு மறுநாள் தொடர்ந்தாலும் நல்லது. கடைசியா தையல் மிஷின் எண்ணெய் நாலஞ்சு சொட்டு, இது கட்டாயம், ஏன்னா டபிள்யூடி-40 கழுவத்தான் ஆகும், எண்ணெய் வேலை அதிக நாள் பாக்காது. கெட்டி கிரீஸ மட்டும் மறுபடி வைக்காதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. கேபிளோட தலைக்கு பக்கத்துல இழை இழையா அறுந்து, அந்த ஒத்த கம்பி உள்ள சுத்திகிட்டு மெக்கானிசத்த இறுக்கிடும். 2400ல கேபிள் பக்கவாட்டுல வெளிய வர்ற டிசைன், அதனால பாக்கறது சுலபம். சின்ன லீவர அழுத்திகிட்டே வந்து கடைசி கியருக்கு, அதாவது பின்னாடி சின்ன பல்சக்கரத்துக்கு கொண்டு வந்துடுங்க, அந்த நிலையிலதான் கேபிள் தலை ஓட்டைக்கு நேரா நிக்கும். பிரேக் லீவர அழுத்தி டார்ச் அடிச்சா தலை தெரியும். கேபிள வெளிய இருந்து உள்ள தள்ளினா தலை வெளிய வரும், அறுந்திருந்தா கோணி ஊசியால நெம்பி எடுக்கணும். ஒரு இழை கூட உள்ள தங்கக்கூடாது. இதுல பொறுமை இல்லாம ஸ்க்ரூவெல்லாம் கழட்டி முழுசா பிரிக்க ஆரம்பிச்சா அவ்வளவுதான், ஷிமானோ இந்த லீவர பிரிச்சு மாட்டற மாதிரி டிசைன் பண்ணல, உள் பாகங்கள தனியா விக்கறதும் இல்ல. இத்தாலி கம்பெனி காம்பக்னோலோவோட பழைய லீவருக்கு உள்ள இருக்கற ஸ்பிரிங் வரைக்கும் தனியா கிடைக்கும், அந்த குடுப்பினை நமக்கு இல்ல.

சரி, ரெண்டும் பாத்தாச்சு, ஒரு பல்லே உடைஞ்சிருக்கு, மாத்தித்தான் ஆகணும்னு வைங்க. இப்பதான் விஷயமே. ஷிஃப்டர்ங்கறது ஒரு கிளிக்குக்கு இவ்வளவு மில்லிமீட்டர்னு கேபிள இழுக்கற ஒரு சாமான், அவ்வளவே. அந்த இழுப்ப டீரெய்லர் தன் விகிதப்படி பெருக்கி பக்கவாட்டுல நகருது. அது நகர்ற தூரமும் கேசட்ல (பின் வீல்ல இருக்கற பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியும் ஒண்ணா இருந்தா கியர் விழும், இல்லன்னா விழாது. ஷிமானோவோட பழைய ரோடு டீரெய்லர்ல, ஏழு எட்டு ஒம்பது ஸ்பீடு எல்லாத்துலயும், இந்த விகிதம் சுமார் 1.7. எட்டு ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு சுமார் 2.8 மிமீ இழுக்கும், 1.7ஆல பெருக்கினா 4.8 மிமீக்கு கிட்ட வருது, எட்டு ஸ்பீடு கேசட்டோட இடைவெளியும் அதே 4.8தான். ஒம்பது ஸ்பீடுல 2.5 மிமீ இழுப்பு, இடைவெளி 4.35. பத்துல 2.3 மிமீ, இடைவெளி 3.95. இந்த இடைவெளி கணக்கெல்லாம் உறுதியானது, வெர்னியர் காலிப்பர் வெச்சு நீங்களே அளக்கலாம். இழுப்பும் விகிதமும் ஆளுங்க அளந்து சொன்ன சராசரி, ஒவ்வொரு கிளிக்குக்கும் கொஞ்சம் கூட குறைய இருக்கும், அதனால ரெண்டாவது தசம எண்ணுக்கெல்லாம் சண்ட போட வேணாம்.

இப்ப உங்க டியாக்ரா கேள்வி. எட்டு ஸ்பீடு கேசட்ட வெச்சுகிட்டு பத்து ஸ்பீடு டியாக்ரா 4600 ஷிஃப்டர் போட்டா ஒவ்வொரு கிளிக்குக்கும் டீரெய்லர் 3.9 மிமீதான் நகரும், நகர வேண்டியது 4.8. முதல் கிளிக்ல 0.9 குறை, லேசா உரசும், நீங்க ஏதோ டியூனிங் சரியில்லன்னு நினைப்பீங்க. ரெண்டாவதுல 1.8, செயின் ரெண்டு பல்சக்கரத்துக்கும் நடுவுல நின்னு கடகடன்னு கத்தும். அஞ்சாவது கிளிக்ல கிட்டத்தட்ட ஒரு முழு பல்சக்கரமே பின்தங்கியிருக்கும். பேரல் அட்ஜஸ்டர, அதாவது கேபிள் இறுக்கத்த மாத்தற திருக, எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது, ஏன்னா அது ஆரம்பப் புள்ளியத்தான் மாத்தும், ஒரு அடியோட நீளத்த மாத்தாது. எட்டு கிளிக்க மட்டும் யூஸ் பண்ணிக்கலாம்ங்கறது இதனாலதான் நடக்காது.

ஆனா அதே 4600 ஷிஃப்டரோட பத்து ஸ்பீடு கேசட்டும் பத்து ஸ்பீடு செயினும் சேத்து வாங்கினா உங்க கிளாரிஸ் டீரெய்லர அப்படியே வெச்சுகிட்டு ஓட்டலாம், விகிதம் ஒண்ணுதான். வீல் ஹப்பும் அதேதான், எட்டு ஒம்பது பத்து மூணுக்கும் ஒரே ஃப்ரீஹப் (கேசட் சொருகற உருளை), பத்து ஸ்பீடு கேசட்டோட பெரும்பாலும் 1 மிமீ ஸ்பேசர் ஒண்ணு குடுப்பாங்க, அத பின்னாடி போட மறக்கக்கூடாது. விக்கறவர்கிட்ட அது 4600ஆ 4700ஆன்னு கட்டாயம் கேளுங்க. ரெண்டும் டியாக்ரா, ரெண்டும் பத்து ஸ்பீடு, ஆனா 2015ல வந்த 4700க்கு பதினொரு ஸ்பீடு ரோடு டீரெய்லரோட விகிதம், சுமார் 1.4. அத உங்க டீரெய்லரோட பத்து ஸ்பீடு கேசட்டுக்கு போட்டா வேலைக்காகாது. நம்பர் லீவரோட உள்பக்கம் சின்னதா எஸ்டி-ன்னு ஆரம்பிச்சு பொறிச்சிருக்கும், ஃபோட்டோ அனுப்ப சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க. எம்டிபி (மலை சைக்கிள்) பத்து ஸ்பீடு, வேற கம்பெனியான ஸ்ராம், காம்பக்னோலோ இதெல்லாம் இழுப்பே வேற, நடுவுல கப்பி மாதிரி ஒரு அடாப்டர் வெச்சு சேக்கறவங்க இருக்காங்க, பொழுதுபோக்கா செய்யறவங்களுக்கு சரி, மலை ஏறப் போறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் பரிந்துரை சுவாரஸ்யமே இல்லாதது: கிளாரிஸ் ஆர்2000, வலது பக்கம் மட்டும். 2400க்கு அடுத்து 2017ல வந்த மாடல் அது, அதே எட்டு ஸ்பீடு, அதே இழுப்பு, கேசட் செயின் டீரெய்லர் எதையும் தொட வேணாம். இடது வலது தனித்தனியா கிடைக்கும், கடைல ஜோடியாத்தான் வரும்னு சொன்னா வேற கடைல கேளுங்க. இடது பக்கம் ஒழுங்கா இருந்தா அத தொடாதீங்க, முன் டீரெய்லரும் இடது ஷிஃப்டரும் ஒரே தலைமுறையா இருக்கறதுதான் நிம்மதி, முன்னாடி இழுப்பெல்லாம் மாடலுக்கு மாடல் மாத்தியிருக்காங்க. ரெண்டு சங்கடம் இருக்கு. ஒண்ணு, ஹுட்டோட வடிவம் ரெண்டு கைலயும் வேற வேற மாதிரி இருக்கும். சிலருக்கு பத்து கிலோமீட்டர்ல மறந்துபோகும், சிலருக்கு கடைசி வரைக்கும் உறுத்தும், இத நான் முன்கூட்டி சொல்ல முடியாது. ரெண்டு, ஆர்2000ல கியர் கேபிள் பக்கவாட்டுல வராம பார் டேப்புக்கு அடியில ஓடும், அதனால அந்தப் பக்க டேப்ப முழுசா உரிச்சு புது அவுட்டர் போடணும், அதோட கேபிள் லீவருக்குள்ளயே சடார்னு வளையறதால தலைகிட்ட அறுந்துபோற பிரச்சனை அந்த டிசைன்ல ஜாஸ்தி. கியர் விழறது மந்தமாக ஆரம்பிச்சா தள்ளிப்போடாம இன்னர் கேபிள மாத்துங்க, நூறு இருநூறு ரூபா கேபிளுக்கு சோம்பேறித்தனப்பட்டு லீவரையே பலி குடுக்கறவங்க நிறைய.

கேசட்டும் செயினும் எப்படியும் தேஞ்சிருக்கு, மாத்தற நேரம்தான்னா ஷிமானோவோட சோரா ஒம்பது ஸ்பீடுக்கு போறத யோசிக்கலாம், ஷிஃப்டர் கேசட் செயின் மூணு மட்டும், டீரெய்லர் அதேதான். ஆனா கோத்தகிரிக்கு உங்களுக்கு உதவப்போறது ஒம்பதாவது கியர் இல்ல, பின்னாடி பெரிய பல்சக்கரம் எத்தனை பல்லுங்கறதுதான். இப்ப 28 இருந்தா 32 போட முடியுமான்னு பாருங்க, டீரெய்லரோட கேஜ், அதாவது கீழ தொங்கற கூடு, நீளமா குட்டையாங்கறதப் பொறுத்தது. நீளமா இருந்தா எட்டு ஸ்பீடுலயே 11-32 கேசட் சல்லிசா கிடைக்குது, அந்தக் காச அங்க போட்டா முழங்கால் சந்தோஷப்படும்.

105 விஷயத்துல கடைக்காரர் பொய் சொல்லல, 2400 புதுசா கிடைக்கறது கஷ்டம்தான், ஆனா அவர் சொன்ன முடிவுக்கு அது காரணம் ஆகாது. பதினொரு ஸ்பீடு 105 போட்டா ஷிஃப்டர் ரெண்டும், ரெண்டு டீரெய்லரும், கேசட், செயின் எல்லாம் மாறும், அதுக்கு மேல ரோடு பதினொரு ஸ்பீடு கேசட்டுக்கு பொதுவா 1.85 மிமீ நீளமான ஃப்ரீஹப் வேணும், உங்க வீல் அதுக்கு ஒத்துக்கலன்னா பின் வீலும் சேந்து போகும். சைக்கிளோட இன்னிக்கு மதிப்ப விட பில் ஜாஸ்தியா வரும். ஃப்ரேம் மேல அவ்வளவு ஆசைன்னா பண்ணுங்க, தேவைன்னு நினைச்சு பண்ணாதீங்க. ட்ராப் பாருக்கும் வந்திருக்கற ஷிமானோவோட க்யூஸ் செட்டும் இதே கதைதான், லீவர் மட்டும் வாங்கி பழைய கேசட்டோட சேக்க முடியாது.

ஷிமானோவே வேணாம், இன்னும் கம்மியா முடிக்கணும்னா தைவான் மைக்ரோஷிஃப்டோட எட்டு ஸ்பீடு லீவர் ஷிமானோ இழுப்புக்கே செஞ்சது, நம்பி போடலாம். அதுல பிரேக் லீவர் பக்கவாட்டுல ஆடாது, பின்னாடி ரெண்டு தனித்தனி பேடில் இருக்கும், ஒருவாரத்துல கை பழகிடும். சீனாவோட சென்சா, எல்-ட்வூ ரெண்டுலயும் எட்டு ஸ்பீடு லீவர் உண்டு. சென்சாவுல ஒரே பேடில், லேசா தட்டினா ஒரு பக்கம், நீளமா தள்ளினா இன்னொரு பக்கம், ஸ்ராம் பாணி. இந்த ரெண்டப் பத்தியும் எனக்கு அரை மனசுதான்: நல்லா ஓடறதும் பாத்திருக்கேன், சீக்கிரமே கிளிக் வழுக்கறதும் பாத்திருக்கேன், அடுத்து வாங்கற ஒண்ணு எப்படி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஊருக்குள்ள ஓட்டறதுக்கு ஓகே.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், பார்-எண்ட் ஷிஃப்டர். ட்ராப் பாரோட ரெண்டு முனைலயும் சொருகற சின்ன நெம்புகோல். உள்ள பாகம் ரொம்ப கம்மி, கெட்டுப்போறது அபூர்வம். ஷிமானோவோட எட்டு, ஒம்பது ஸ்பீடு மாடலா இருந்தா வலது பக்கம் கிளிக் மோடுல இருந்து கிளிக் இல்லாத ஃப்ரிக்‌ஷன் மோடுக்கு திருப்பி விட்டுடலாம், அப்ப எத்தனை ஸ்பீடு, என்ன விகிதம் எதுவுமே பிரச்சனையில்ல, நடு ரோட்டுல ஹேங்கர் வளஞ்சாக்கூட கையால தேடிப்புடிச்சு கியர் போட்டுகிட்டு வீடு வந்துடலாம். பிரெவேங்கற நீண்ட தூர ஓட்டம் ஓட்டற ஆளுங்கள்ல, 600 கிலோமீட்டர 40 மணி நேரத்துல முடிக்கணும்னு ராத்திரி பகலா மிதிக்கறவங்கள்ல, ஒரு கூட்டம் இத விடாம புடிச்சுகிட்டிருக்கறதுக்கு இதான் காரணம். செலவுன்னு பாத்தா இதோட தனி பிரேக் லீவரும் வாங்கணும், டெக்ட்ரோ ஆர்எல்340 மாதிரி. கஷ்டம் என்னன்னா ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது கியர் மாத்த முடியாது, கைய கீழ கொண்டுபோகணும். எனக்கு புடிக்கும், உங்களுக்கு புடிக்குமான்னு யார்கிட்டயாவது ஒருநாள் வாங்கி ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எம்டிபி கட்டைவிரல் ஷிஃப்டர ட்ராப் பார்ல மாட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க, அது 22.2 மிமீ குழாய்க்கு செஞ்ச கிளாம்ப், ட்ராப் பார் 23.8, உள்ள போகாது.

பிரேக்க மறந்துடாதீங்க, ட்ராப் பார்ல ஷிஃப்டர் மாத்தறதுன்னா பிரேக் லீவரும் சேந்துதான் மாறுது. உங்களுக்கு சாதாரண காலிப்பர் பிரேக்னா கவலை இல்ல. இத படிக்கற வேற யாருக்காவது வி-பிரேக் இருந்தா ரோடு லீவர் அதுக்கு போதுமான கேபிள இழுக்காது, கை முழுசா அழுத்தினாலும் நிக்காது, மினி வி-பிரேக் போடணும் இல்லன்னா டெக்ட்ரோ ஆர்எல்520 மாதிரி நீள இழுப்பு லீவர் வேணும். ஹைட்ராலிக் டிஸ்க்னா அது தனி உலகம், லீவருக்குள்ளயே ஆயில் சிலிண்டர் இருக்கும், அதே கம்பெனி ஜோடி தவிர எதையும் சேக்காதீங்க. அப்புறம் கியர் அவுட்டர பிரேக்குக்கு போடவே கூடாது, மிச்சம் இருக்கு வீணாகுதேன்னு கடைல போட்டு விட்டுருவாங்க. கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல ஓடும், பிரேக்க ஓங்கி புடிச்சா பிளந்துடும். கழட்டறதுக்கு முன்னாடி உங்க சைக்கிள்ல வலது கை முன் பிரேக்கா பின் பிரேக்கான்னு ஃபோட்டோ எடுத்து வெச்சுகிட்டு, மாட்டும்போது அதே மாதிரி மாட்டச் சொல்லுங்க, கை பழக்கம் மாறினா இறக்கத்துல ஆபத்து.

பழசு வாங்கறதா இருந்தா மேல சொன்ன கேபிள் சோதனைய விக்கறவர் முன்னாடியே பண்ணுங்க. சும்மா வெறும் லீவர கிளிக் பண்ணிக் காட்டுவாங்க, லோடு இல்லாம எல்லாமே கிளிக் ஆகும். ஒரு கேபிள் கொண்டுபோய் மாட்டி, நல்லா பலமா இழுத்துப் புடிச்சுகிட்டு, எட்டு ஸ்பீடுன்னா ஏழு மேல ஏழு கீழ, ஒண்ணு கூட வழுக்கக்கூடாது. ஆன்லைன்ல வாங்கினா தலைப்புல இருக்கற பேர நம்பாம வலதா இடதா, எத்தனை ஸ்பீடு, ஒண்ணா ஜோடியான்னு விவரத்துல படிங்க.

இதெல்லாம் நடக்கறதுக்குள்ள கோத்தகிரி தேதி வந்துட்டா ஒரு வழி இருக்கு. கேபிள் இல்லன்னா ஸ்பிரிங் டீரெய்லர சின்ன பல்சக்கரத்துக்கு இழுத்துட்டுப் போயிடும், ஏத்தத்துக்கு அதவிட மோசமான கியர் கிடையாது. டீரெய்லர்ல எச்-னு போட்ட ஸ்க்ரூவ உள்ள திருகிகிட்டே வந்தா ஒண்ணு ரெண்டு பல்சக்கரம் தள்ளி நிக்கும். அதுக்கு மேல வேணும்னா கேபிள கையாலயே இழுத்து, வேணுங்கற பல்சக்கரத்துல செயின் நிக்கும்போது போல்ட்ட இறுக்கிடுங்க. ஷிஃப்டர் கடைசி கியர் நிலையில இருக்கணும், அதுக்கப்புறம் வலது லீவர் பக்கமே போகாதீங்க. பின்னாடி ஒண்ணு, முன்னாடி ரெண்டு, ஆக ரெண்டு கியர் கிடைக்கும். ஏத்தத்துக்கு பெரிய பல்சக்கரத்துல இருந்து ரெண்டாவதா வெச்சுக்கங்க. பெரிசுலயே வெச்சு முன்னாடியும் பெரிய ரிங்குக்கு போனா செயின் விறைச்சு டீரெய்லர முறுக்கிடும். டீரெய்லர் நம்பரும் கேசட்டோட பல் எண்ணிக்கையும் எழுதுங்க, 32 போகுமான்னு பாத்து சொல்றேன்.